வியாழன் நாலு மணிக்கு நியாயம்

நியாயம் கேட்கிறவனை யாருக்கும் பிடிக்காது. கேட்டது கிடைத்துவிட்டால் அவனை இன்னும் பிடிக்காது. பலேர்மோவில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இது எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மரியாதை இல்லை. (அதற்கு முதல் இருந்ததா என்று மனைவி கேட்கிறாள். எழுதும்போது பின்னால் நின்று பார்க்க வேண்டாம் என்று பல தரம் சொல்லிவிட்டேன்.)

விஷயம் உதைபந்தாட்டம். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களுக்கு எட்டுக் கழகங்கள் இருக்கின்றன, எல்லாம் ஊர்ப் பெயரில். வருடா வருடம் ஒரு கிண்ணத்துக்காக மோதிக்கொள்வோம். எங்கள் கழகத்துக்கு நான்தான் பொறுப்பாளன், வலது பக்கப் பின்வரிசை ஆட்டக்காரன், தண்ணீர்ப் போத்தல் சுமக்கிறவன். கால் அவ்வளவு ஓடாது. வாய் ஓடும்.

எட்டுக் கழகங்களும் இரண்டு பிரிவு. ஒன்று வியாழன் பிரிவு, மற்றது திங்கள் பிரிவு. முதலில் இத்தாலிக்கு வந்தவன் எந்த வேலையில் சேர்ந்தானோ, பின்னால் வந்த ஊர்க்காரரையும் அதே வேலைக்குத்தான் இழுத்துவிடுவான். ஆகவே சில ஊர்கள் முழுக்க வீட்டு வேலை. சின்யோராக்கள் என்கிற இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் சமைப்பது, துடைப்பது, கிழவரைக் கைபிடித்து நடத்துவது. அவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. எங்களைப்போல போருக்குப் பிறகு வந்த ஊர்கள் முழுக்க உணவகங்களின் குசினியில் கோப்பை கழுவுகின்றன. எங்களுக்குத் திங்கள் மட்டும்தான் லீவு.

இதுவரை சரி. இனிமேல்தான் அநியாயம்.

அரையிறுதிக்கு நாலு இடம். வியாழன் பிரிவில் முதல் மூன்று கழகங்களும் நேரே உள்ளே போகும். நாலாவது இடத்துக்கு, திங்கள் பிரிவில் முதலாவதாக வந்தவனும் வியாழன் பிரிவில் கடைசியாக வந்தவனும் இறுதி நாள் காலையில் மோத வேண்டும். நான் பிழையாக எழுதவில்லை. அவர்களின் கடைசியும் எங்களின் முதலாவதும் சமம். அதில் வென்றால், வியர்வை காய்வதற்கு முதல் அரையிறுதி. எதிரே நிற்கிறவன் அப்போதுதான் நித்திரையால் எழும்பி, ரோல்ஸ் தின்றுவிட்டு வந்திருப்பான்.

அந்த இறுதி நாளும் ஞாயிறு. குசினியில் ஞாயிறு லீவு கேட்பதென்றால் குடும்பத்தில் ஒரு சாவு வேண்டும். முல்லைத்தீவில் என் மாமி நல்ல சுகமாக இருக்கிறா. என் முதலாளி ஒவ்வொரு வருடமும் அவவுக்காக என்னிடம் துக்கம் விசாரிப்பார்.

மூன்று வருடம் தொடர்ந்து நாங்கள் திங்கள் பிரிவில் முதலாவது. மூன்று வருடமும் அந்தக் காலை ஆட்டத்தில் வென்று, அரையிறுதியில் கால் இழுத்துத் தோற்றோம். நாலாவது வருடம் எங்கள் கோல் காப்பாளன், என் மனைவியின் தம்பி ரஞ்சன், வடக்கு இத்தாலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போக இருந்தான். இங்கே வேலையையும் விட்டுவிட்டான். அவனுக்கு அதுதான் கடைசிக் கிண்ணம்.

"அத்தான், கிண்ணம்கூட வேண்டாம்," என்றான். "ஒருக்கா, ஒரேயொருக்கா, காலைமை ஆட்டம் இல்லாமல், நித்திரை கொண்டு எழும்பி அரையிறுதிக்கு நிக்கோணும்."

"நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். (மனைவி இந்த இடத்தில் சிரிக்கிறாள்.)

கழகங்களின் கூட்டத்தில் எழும்பிக் கத்தினேன். பிரிவுகளைக் கலைக்க வேண்டும், சீட்டுக் குலுக்கிப் புதிதாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு கழகம் அரையிறுதிக்கு, காலை ஆட்டம் என்ற கதையே கூடாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாழன்காரர் தோற்கப்போகும் நேரத்தில் காயம் என்று சொல்லி ஒவ்வொருவராக வெளியேறி ஆட்டத்தைக் குழப்பும் பழக்கம் உள்ளவர்கள். அதனால், மைதானத்தில் ஏழு பேருக்குக் குறைந்தால் அந்த அணி மூன்றுக்குப் பூச்சியம் தோல்வி என்ற விதியையும் நானே சேர்த்தேன். கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டினால் மூளை நின்றுவிடும்.

எந்த நாளில் விளையாடுவது என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் திட்டம் இருந்தது. வியாழன்காரருக்குப் பின்னேரம் லீவு. எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு வெளி இருக்கிறது. ஆகவே வியாழன் நாலு மணி. மைதானம் பகேரியாவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ரயிலில் போய், விளையாடி, ரயிலில் திரும்பி, ஏழு மணிக்குக் கோப்பை கழுவலாம்.

போட்டிக் குழுத் தலைவர் சிவபாலன் அண்ணை, வியாழன் பிரிவின் பெரிய கழகத்துக்காரர், மெதுவாகக் கை தூக்கினார். "தம்பி, நாலு மணி உங்கட ஆக்களுக்குச் சரிவருமோ? குசினிவேலை எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு சொல்லேலாதல்லோ."

"எங்களைப் பற்றி யோசிக்காதேங்கோ அண்ணை. இவ்வளவு காலமும் யோசிக்கேல்லைத்தானே."

மறுபடியும் கை தட்டினார்கள். அண்ணை கையை இறக்கிவிட்டார்.

முதல் ஆட்டமே அவருடைய கழகத்தோடு. நடுவர் மொரிசியஸ்காரர். பெயர் தமிழ்ப் பெயர், ஆனால் தமிழ் தெரியாது. எங்கள் போட்டிக்கு அதுதான் பெரிய தகுதி, யார் திட்டினாலும் அவருக்கு உறைக்காது. எல்லாருடைய கைபேசிகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரஞ்சனின் கோல் வலையில் கட்டினோம்.

அந்த ஆட்டத்தைப் போல நாங்கள் ஒருநாளும் விளையாடியதில்லை. இடைவேளைக்கு முதலே இரண்டு கோல். ரஞ்சன் ஒரு தண்ட உதையைப் பாய்ந்து பிடித்தான். நான்கூட ஒருவனிடமிருந்து பந்தைப் பறித்தேன். (அவன் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான் என்பது ரஞ்சனின் கதை. நம்ப வேண்டாம்.)

இரண்டாம் பாதிக்கு ரஞ்சனோடு கைபேசிப் பையும் மற்றப் பக்க வலைக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் பை அடிக்கத் தொடங்கியது.

அன்று துறைமுகத்தில் ஒரு பெரிய பயணக் கப்பல் வந்து கட்டியிருக்கிறது. அதிலிருந்து இறங்கிய சனம் முழுக்க ஒரே நேரத்தில் பசி பிடித்து, துறைமுகத்திலிருந்து கபோச் சந்தை வரைக்கும் இருந்த உணவகங்களில் ஏறிவிட்டது. குசினிகள் எல்லாம் ஆள் தேடின. எங்கள் ஆட்களைத்தான்.

ரஞ்சன் ஒரு கண்ணைப் பந்திலும் ஒரு கண்ணைப் பையிலும் வைத்தபடி கூப்பிட்டான். "குகன், உன்ரை செஃப். வசந்தன், உனக்கு ரெண்டாந்தரம். டேய், ஆரடா இந்த மரியா?"

குகன் ஓடி வந்து கதைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணை, போகாட்டி நாளைக்கு வரவேண்டாமாம்." போனான். வசந்தன் போனான். நடுவரிசையில் மிஞ்சியவனும் போனான். மரியா யாரென்று சொல்லாமலே ஒருத்தன் போனான். வியாழன்காரர் பந்தை வைத்துக்கொண்டு, யாரைத் தாண்டி அடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அப்போதும் இரண்டுக்குப் பூச்சியம் நாங்கள்தான் முன்னால். மைதானத்தில் நாங்கள் சரியாக ஏழு பேர்.

"அத்தான், உங்கட முதலாளி."

"எடுக்காதை."

"திருப்பி அடிக்குது."

"அடிக்கட்டும்."

"அத்தான், மூண்டாந்தரம்."

ஓடிப்போய் எடுத்தேன். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "மாமிக்குத் திரும்பவும் ஏதும் ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் ரஞ்சனைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றாமல் வலைக்கு முன்னால் நின்றான். போக வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன், அந்த மாதம் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க எனக்கு அந்த வேலை இருந்தே ஆக வேண்டும். கோட்டைத் தாண்டினேன். பின்னால் விசில் ஊதியது. திரும்பிப் பார்த்தால் நடுவர் ஆட்களை எண்ணி முடித்து, ஒரு கையில் மூன்று விரல், மறு கையில் முட்டை காட்டிக்கொண்டிருந்தார். என் விதி. நான் எழுதியது. என் காலாலேயே நிறைவேறியது.

ரயில் தாமதம். நிலைய வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சிவபாலன் அண்ணை. அவர் வேலை செய்கிற சின்யோராவின் கார்.

"ஏறும்."

கபோவில் என் உணவக வாசலில் நிறுத்தினார். இறங்கும்போது, "கேட்டனான்தானே, தம்பி," என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

கால்சட்டையோடும் ஆணிச் சப்பாத்தோடும் நின்று கோப்பை கழுவினேன். ஈரத்தரையில் இரண்டு தரம் வழுக்கினேன். ரஞ்சன் குசினிப் பின்வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், நியாயம் வந்திட்டுது," என்றான். "ஆக்கள்தான் வரேல்லை."

மற்றத் திங்கள் கழகங்களுக்கும் வியாழக்கிழமைகளில் இதே கதிதான். அரையிறுதிக்குப் போன நாலும் வியாழன் கழகங்கள். பழைய அநியாயத்தில் எங்களுக்கு அரை இடமாவது இருந்தது. என் நியாயத்தில் அதுவும் இல்லை. அரையிறுதி நடந்த ஞாயிறு ரஞ்சன் வடக்கே போகிற ஜெனோவாக் கப்பலில் பெட்டியோடு நின்றான். அடுத்த வருடம் பழைய முறையே திரும்பி வந்தது. இந்த முறை நான் கை தூக்கவில்லை.

இன்றைக்கும் சொல்கிறேன், என் பிரிப்பில் ஒரு பிழையும் இல்லை. ஊரெல்லாம் வேலை செய்கிற திங்களில் எங்களுக்கு லீவு தந்தவனைப் பிடித்துக் கேளுங்கள். ஒருத்தனும் கேட்கமாட்டான். எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

போன மாதம் ரஞ்சனின் மகளின் பிறந்தநாளுக்கு வடக்கே போனோம். கேக் வெட்டுகிற நேரம் நான் சும்மா கத்தியைத் தொட்டேன். மனைவி கையிலிருந்து பறித்தாள்.

"இவரிட்டைக் குடுக்காதேங்கோ. எல்லாருக்கும் சரிசமனா வெட்டுவார். சாப்பிடத்தான் ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

ரஞ்சன் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தான். அவன் பிள்ளைகளும் சிரித்தார்கள், அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்திராத பிள்ளைகள். பிறகு மனைவி தன் இஷ்டத்துக்கு வெட்டிக் கொடுத்தாள். எனக்கு வந்த துண்டு எல்லாருடையதையும் விடச் சின்னது. இதைப் பற்றி நான் இன்னும் கதைத்து முடிக்கவில்லை.