வீட்டில் ஆள் உண்டு

ஜூஜுவாடி
12.7.2009

மத்தூர் மச்சான் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கை புருஷன் நல்லுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் ஒருத்தன் சௌக்கியம். அங்கே பவளம் உட்பட எல்லோரும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். மத்தூரில் அதற்கு மெஷின் தேவையில்லை.

பவளம் கோபித்துக்கொண்டு வந்த காரணத்தைப் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். ஹைவே தூசியும் கம்பெனிப் புகையும் அவளுக்கு இளைப்பைக் கொண்டுவருகின்றன என்றுதானே ஜன்னலையெல்லாம் அடைத்து, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும் மெஷினைப் போட்டேன்? அதோடு நின்றிருக்கலாம். பெங்களூர் இன்ஜினியர் கௌதம், வீட்டைக் கவனித்து செல்போனுக்குச் செய்தி அனுப்பும் கம்ப்யூட்டர் ஒன்றையும் என் தலையில் கட்டினான். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? "ஆளில்லாத வீட்டுக்குக் காத்து எதுக்குப்பா? ரெண்டையும் சேர்த்து மாட்டு. ஆள் இல்லேன்னா மெஷின் நிக்கணும்" என்றேன். "அப்போ அசைவைப் பார்க்க ரூமுக்கு ஒரு கண் வைக்கணும் சார்" என்றான். "ஹாலுக்கு ஒண்ணு போதும்" என்று குறைத்தவன் நான்தான். அட்டைப்பெட்டி வியாபாரத்தில் இப்படித்தான் முன்னுக்கு வந்தேன்.

பவளம் நாற்காலியில் உட்கார்ந்தால் அசையமாட்டாள், உங்களுக்குத் தெரியாததா. பேச ஆளில்லாதவள் எதற்காக அசைவாள்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கண், 'வீட்டில் ஆள் இல்லை' என்று எனக்குச் செய்தி போட்டுவிட்டுக் காற்றை நிறுத்திவிடும். இவளுக்கு இளைக்கும். கையை ஆட்டினால்தான் காற்று திரும்ப வரும். நான் கடையில் செய்தியைப் பார்த்துப் பதறி, அவளுக்குப் போன் போடாமல் வீட்டுக்கு எதிர் டீக்கடை மூர்த்திக்குப் போட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது. அவன் ஜன்னல் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா உள்ளதான் குந்திக்கினு கையாட்டுது அண்ணா, உன்னத்தான் கூப்புடுதோ என்னமோ" என்றான்.

வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கனா இல்லையான்னு டீக்கடைக்காரன கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவீங்களா? மெஷின் சரியாத்தான் சொல்லுது. இந்த வூட்ல ஆள் இல்ல." மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

கேளுங்கள் கொடுமையை. அவள் போனதிலிருந்து 'வீட்டில் ஆள் உண்டு' என்று செய்தி வருகிறது! திரும்பிவிட்டாள் என்று நம்பி, சூளகிரி லோடைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ஹாலில் அவள் கிளம்பும் அன்று காயப்போட்ட கத்தரிப்பூ நிறச் சேலை ஆடிக்கொண்டிருக்கிறது. சேலை ஆடுவதால் ஆள் இருப்பதாக நினைத்து மெஷின் ஓடுகிறது. மெஷின் ஓடுவதால் சேலை ஆடுகிறது. உட்கார்ந்திருந்தவளுக்குக் கொடுக்காத காற்றைச் சேலைக்குக் கொடுக்கிறது மச்சான்.

எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரை நாளைக்கே கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிறேன். காற்று மெஷின் சுவிட்ச் இனி பவளம் கையில். தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மாந்தோப்பு வரும் வருஷமும் கிளை தாங்காமல் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
நல்லுசாமி

பி.கு.: கவரை ஒட்டும்போது கௌதம் வந்தான். எதையும் கழற்ற வேண்டாமாம். "அந்தச் சேலையை மடிச்சு பீரோல வச்சிருங்க சார், சரியாயிடும்" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரைக் கழற்றப் போவதில்லை, சேலையையும் எடுக்கவில்லை. சாயங்காலம் அந்தச் செய்தி வந்தால்தான் கடை ஷட்டரை இறக்கி வீட்டுக்குப் போகத் தோன்றுகிறது. பவளமே வந்து மடிக்கட்டும். ஓட்டல் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை.