இன்னும் பணியில் சேராதவர்

"இந்த ஊழியர் இன்னும் பணியில் சேரவில்லை" என்று கணினி மறுபடியும் சொன்னது. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலியைத் தேய்த்துவரும் குமாஸ்தா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வாசகம் மாறவில்லை.

கணினி காலையில் ஒழுங்காக எழுந்திருக்காது. கறுப்புத் திரையோடு நின்று, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் இருபது வருஷத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதியில் கண் விழிக்கும். அன்று குமாஸ்தா இந்த வேலைக்கு மனுகூடப் போடவில்லை. சேராதவருக்கு ஏது விடுப்பு?

மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். விடுப்போ, ஊதிய உயர்வோ, ஓய்வோ, கணினி சொன்னால்தான் செல்லும் என்பது அலுவலக விதி.

மேலாளரிடம் போய் நின்றார்.

"ஓடுறதை ஏன்யா நோண்டறே? லீவை அப்புறம் பாத்துக்கலாம்."

"பிரசவத்தை அப்புறம் பாத்துக்க முடியாதே சார். தேதியை மாத்துற பாஸ்வேர்டைச் சொன்னீங்கன்னா..."

"மறந்துபோச்சு" என்றார் மேலாளர், யோசித்துக்கூடப் பார்க்காமல்.

குமாஸ்தா பெருமூச்சோடு திருப்புளியை எடுத்தார். கணினிப் பெட்டியைத் திறந்து ஊதினார். தூசியில் பாதி அவர் கண்ணுக்குள் போயிற்று. மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், 'பீப்... பீப்...' என்று ஒரே சத்தம்.

"நல்லாத் தூங்கிட்டிருந்த பிள்ளையை எழுப்பி அழவிட்டுட்டீங்களே சார்" என்றார் எதிர் மேஜை தட்டச்சுக்காரம்மா. "மெமரி கார்டை உருவி ரப்பரால தேய்ச்சு மாட்டுங்க. எங்க வீட்டுல அப்படித்தான்."

தேய்த்து மாட்டினார். அழுகை நின்றது. ஆனால் கணினி எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது, அணைந்தது.

"உங்க வீட்டுலயும் இப்படித்தான் ஆச்சா?"

"எங்க வீட்டுல புதுசு வாங்கிட்டோம் சார்."

மனைவியிடமிருந்து போன் வந்தது. "லீவு கிடைச்சுதா?"

"நான் இன்னும் வேலைக்கே சேரலையாம்."

"அப்ப தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்க போயிட்டு வர்றீங்க?"

போனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"யாருண்ணே கைவெச்சது?"

குமாஸ்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மெமரி கார்டு அரையும் குறையுமா நிக்குது. சரி, அது சின்ன விஷயம். உள்ள சட்டை பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு பாருங்க, அது செத்துக் கிடக்கு. கரண்ட் நின்னா தேதியை ஞாபகம் வெச்சுக்கறதே இதுதான்."

புதுப் பேட்டரியைப் போட்டு, பாஸ்வேர்டு கேட்காத குறுக்குவழியில் போய்த் தேதியையும் சரிசெய்தான். கணினி ஒரே மூச்சில் எழுந்து, எந்த விசையையும் கேட்காமல், இன்றைய தேதியைக் காட்டியது. குமாஸ்தாவைப் பார்த்துப் 'பணியில் உள்ளார்' என்றது. அவர் உடனே விடுப்பைப் பதிந்தார். அதுவும் ஏறியது. மேலாளர் ஒப்புதல் மட்டும் பாக்கி.

"சார், ஒரே ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுங்க."

மேலாளர் வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். "நாளைக்குப் பண்ணிக்கலாமேய்யா" என்றார். குமாஸ்தா நகர்ந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மேலாளர் தன் ஊழியர் எண்ணை அடித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார்.

சிவப்பில் ஏதோ வந்தது. குமாஸ்தா கண்ணாடியைத் தேடுவதற்குள் மெக்கானிக் குனிந்து படித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"ஏண்ணே, இவரு ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்கே, லீவு குடுக்க வேற மேனேஜர் யாராவது இருக்காங்களா?"