கிடைத்தும் போகாதவர்

வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போனவர்கள் ஒரு வகை. போக ஆசைப்பட்டு, உதவித்தொகை கிடைக்காமல் நின்றுவிட்டவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. போனவர் போன இடத்தில் வாசலில் விழுந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். கிடைக்காதவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையை. கிடைத்தும் போகாதவர். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் நிச்சயம் இருக்கிறார். இல்லை என்கிறீர்களா? நாலு பேர் கூடியிருக்கும் அறையில் யாருடைய பிள்ளைக்காவது மேல்படிப்பு என்ற பேச்சை எடுத்துப் பாருங்கள். எந்த மூலையிலிருந்து முதலில் தொண்டையைச் செருமும் சத்தம் வருகிறதோ, அவர்தான்.

"எனக்கே கிடைச்சுது. நான்தான் போகல."

இந்தச் சின்னப் பேச்சை மூலதனமாக வைத்து ஒரு மனிதர் ஆயுள் முழுக்க மரியாதை சம்பாதிக்கலாம் என்பதை என் எதிர்வீட்டில் கண்ணாரப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். ஒரே பெண். கழிவுநீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. நம்மவர் அந்த அம்மாளின் அண்ணன். பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில்தான் வீடு, ஆனால் இருப்பு இங்கே. இவரை இனி சுருக்கமாகக் கி.போ. என்று அழைக்கிறேன். வாங்காத பட்டத்துக்குப் பதிலாக இரண்டு எழுத்தாவது அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கி.போ. ஏன் போகவில்லை? அது கேட்பவரைப் பொறுத்தது. தங்கையிடம் சொல்லும்போது, தங்கையின் கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது. பழைய அலுவலக நண்பர்களிடம், மேலதிகாரி வயிற்றெரிச்சலில் விடுவிக்கவில்லை. இளைஞர்கள் கூடியிருந்தால், பிறந்த மண்ணை விட்டுப் போக மனம் ஒப்பவில்லை. சொந்த மனைவியிடம், "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" அந்த அம்மாள் இதைக் கேட்கும்போதெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்வார். அந்த "ம்"முக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

உண்மையிலேயே கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கிடைத்ததற்கு ஒரே சாட்சி ஒரு கம்பளிக் கோட்டு. பயணத்துக்கென்று வாங்கினாராம். வருஷம் பூராவும் அந்துருண்டை வாசனையில் அலமாரிக்குள் கிடக்கும் அதை, வெயில் கொளுத்தும் மாதத்தில் மாடி வராந்தாவில் வெளியே எடுத்து உதறுவார். தெருவில் போகிறவர் யாராவது தலைதூக்கிப் பார்த்தால் போதும். "அங்கே இது இல்லாம வெளிய தலை காட்ட முடியாது சார்!" அங்கே என்றால் எங்கே? அவர் தலை காட்டியது பதிவு அலுவலக வாசலில் மட்டும்தான்.

போனவரை விடப் போகாதவருக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். போனவருக்குத் தான் குடியிருந்த தெரு, படித்த கட்டடம், பஸ் நிற்கும் இடம் தெரியும். கி.போ.வுக்கோ முழு நாடும் தெரியும். எந்தப் பேராசிரியர் எப்படி, எந்த மாதத்தில் எந்த ஆறு உறையும், ரொட்டியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. உண்மையில் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு பல் மருத்துவர் ஒருநாள் எதிர்வீட்டுக்கு வந்து, "அப்படியெல்லாம் இல்லீங்களே" என்று வாயெடுத்தார். கி.போ. அவரை இரக்கத்தோடு பார்த்து, "நீங்க சரியாக் கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

இப்படிப்பட்டவரின் தங்கை மகள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் துறையில் வெளிநாட்டில் முதுகலை படிக்க உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் என்ன ஆகும்? அன்று சாயங்காலமே கி.போ. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பத்துக்காக அவள் தன்னைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையைப் படிக்கச் சொன்னார். அவள் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். சாக்கடை நாற்றத்தை முகர்ந்தே அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஊகிக்கப் பழகியது, ஒரு தெருவில் குழந்தைகளுக்கெல்லாம் வாந்தி வந்தபோது குழாய்த் தண்ணீரில் கழிவு கலப்பதைத் தங்கள் பரிசோதனைக் கூடத்தில் கண்டுபிடித்தது, இப்படி.

"இதுல சோகமே இல்லையே!" என்றார் கி.போ.

"சோகம் எதுக்கு மாமா?"

"பின்ன? மொத வரியிலயே படிக்கிறவன் கண்ணு கலங்கணும். அப்பா இருக்காரா?"

"இதோ உக்காந்திருக்காரே."

"அதுதான் பிரச்சனை," என்று கி.போ. உதட்டைப் பிதுக்கினார். "சின்ன வயசுலயே தவறிட்டாருன்னு போட்டா எடுப்பா இருக்கும்."

லிஃப்ட் மெக்கானிக் பேப்பரைக் கீழே இறக்கினார். "மச்சான், நான் இங்கதான் இருக்கேன்."

"உங்களை யாரு மாப்ளே போகச் சொன்னாங்க? காகிதத்துலதானே."

"காகிதத்துலயும் நான் இருந்துட்டுப் போறேனே."

அந்தப் பெண் கெட்டிக்காரி. மாமா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். தான் எழுதியதை ஒரு வரி மாற்றாமல், அப்பாவையும் கொல்லாமல், அப்படியே அனுப்பிவிட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உடனே அடுத்த பாடம் ஆரம்பித்தது. படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா என்று கேட்பார்களாம். அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தாய்நாட்டைப் பற்றிப் பேச வேண்டுமாம். போகவே போகாத மனிதர், திரும்பி வருவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். அதை நடித்தும் காட்டினார். எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் என் வீட்டுக் குளியலறைதான் தெரியும்.

அவளுக்குக் கிடைத்துவிட்டது. செய்தியைப் பார்த்ததும் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் மாடிப்படிக்குமாக ஓடினாள். அப்பா அழுதார், அம்மா பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார், நானும் போய் நின்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். கி.போ. வந்தார். கேக்கை வாங்கிக்கொண்டார். இனிமேல்தான் இந்த ஜாதி மனிதரின் உண்மையான சுபாவம் வெளியே வருகிறது, கவனியுங்கள். விண்ணப்பம் போடும்வரை இவரை மாதிரி ஆதரவு கொடுப்பவர் கிடையாது. கிடைக்காவிட்டால் இவரை மாதிரி ஆறுதல் சொல்பவரும் கிடையாது. கிடைத்துவிட்டால்தான் அவருக்கு மூச்சு முட்டும்.

"எத்தனை பேருக்குக் குடுத்திருக்காங்க?"

"தெரியல மாமா."

"நெறையப் பேருக்குக் குடுத்திருப்பாங்க. முழுசாவா, பாதியா?"

"முழுசா. விமான டிக்கெட்டும் சேர்த்து."

"அப்போ சின்ன யூனிவர்சிட்டியாத்தான் இருக்கும்," என்று சொல்லி கேக்கின் மேலிருந்த க்ரீமை ஓரமாக ஒதுக்கினார்.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமானது. போகாதே என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் அவள் போய்விடுவாள். "போறதும் போகாததும் உன் இஷ்டம்மா. நான் சொன்னேன்னு இருக்கக் கூடாது," என்பார். ஒரு வாய் டீ குடிப்பார். "ஆமா, அம்மாவுக்கு முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" அவ்வளவுதான். அடுத்த நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே மறித்து, "அம்மா படியேறும்போது பாத்தியா? பாக்கவே கஷ்டமா இருக்கு" என்பார். அதற்கடுத்த நாள், "ஒத்தப் பொண்ணு வேற" என்று பாதியில் நிறுத்திவிடுவார். மீதியை அவளே ராத்திரி படுக்கையில் முடித்துக்கொள்ளட்டும் என்று. நடுநடுவே தன்னையே எடுத்துக்காட்டாகவும் நிறுத்துவார். "கிடைச்சதே பெருமைதானே? போனாத்தானா? நான் போகல. என்ன கொறஞ்சு போயிட்டேன்?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் எல்லோரும் தலையாட்டிவைப்பார்கள். பெரியவர் என்ற மரியாதைதான். எனக்கு நாக்கு நமநம என்றது.

சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டிய கெடு நெருங்கியபோது அந்தப் பெண்ணை மாடிப்படியில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

"வேண்டாம்னு எழுதிடலாமான்னு பாக்கறேன் அங்கிள்."

"ஏம்மா?"

"அம்மாவுக்கு முடியல."

"அம்மா சொன்னாங்களா?"

"இல்ல. மாமா சொன்னாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. இந்த மனிதர் தன் வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லித் தீர்த்தது போதாதென்று, தனக்குத் துணைக்கு ஒரு ஆளையும் தயார் செய்கிறார். ஒரு கி.போ. தனியாக இருந்தால் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமுண்டு. குடும்பத்தில் இரண்டு பேர் ஆகிவிட்டால் அது பரம்பரைக் குணம், தியாகம், பண்பாடு. அன்று அவர்கள் வீட்டு டீக்கு நானும் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் பேக்கரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, நான் போகலம்மா. உன் முட்டி இருக்கிற நெலமையில..."

"என் முட்டிக்கு என்ன?"

மகள் மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். அம்மாள் இருவரையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பு ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக நிமிர்ந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுட்டிருக்கேன். என் கல்யாணத்தாலதான் இவரு போகலையாம். நாலு பேரு நடுவுல இவரு சொல்றப்பல்லாம் எனக்குக் குறுகிப் போகும். யாரோட சோத்தையோ பிடுங்கித் தின்ன மாதிரி. நான் போகாதேன்னு சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இப்ப நீ என் முட்டியைப் பிடிச்சுக்கிட்டியா? நாளைக்கு உன் பிள்ளைங்களை உக்கார வெச்சு, 'எனக்கும் கிடைச்சுது, எங்கம்மா முட்டியாலதான் போகல'ன்னு கதை சொல்லுவ. நான் செத்தப்புறமும் என் முட்டி பழி சுமக்கணுமா? எனக்கு வலிச்சா நான் டாக்டரைப் பாத்துக்கறேன். நீ கெளம்பு!"

"நான் அந்த அர்த்தத்துல..." என்று கி.போ. தொடங்கினார்.

"அண்ணா, நீங்க டீயைக் குடிங்க. ஆறிடப் போகுது."

கி.போ. டீயைக் குடித்தார். வேறு என்ன செய்வார்? அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து சம்மதத்தை அனுப்பினாள். 

அதன்பிறகு கொஞ்ச நாள் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வந்தார். கையில் அந்தக் கோட்டு. அந்துருண்டை வாசனை அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

"அங்க குளிருன்னா சாதாரணக் குளிர் இல்ல. போட்டுக்கோ," என்றார்.

அவள் போட்டுக்கொண்டாள். கை விரல் நுனி வரைக்கும் மறைந்தது. கண்ணாடி முன்னால் நின்று, எல்லோரும் செய்வதுபோல இரண்டு கையையும் பைக்குள் விடப் போனாள். கை போகவில்லை. இன்னொரு தரம் முயன்றாள்.

"பை தைச்சிருக்குப்பா."

புதுக் கோட்டு அப்படித்தான் கடையிலிருந்து வரும், பை வாயில் ஒரு தையல் ஓடியிருக்கும். முதல் தடவை போடுகிறவர் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் உதறி, வெயில் காட்டி, ஊருக்கெல்லாம் காட்டிய கோட்டுக்குள் ஒரு நாளும் ஒரு கை போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் கன்னம் உப்பியது, சிரிப்பு வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு தன் வேலைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து வந்து இரண்டு பையின் தையலையும் பிரித்துவிட்டார்.

"அந்தக் காலத்துல தையலெல்லாம் கெட்டியாப் போடுவாங்க," என்றார் கி.போ.

அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் அதை அவர் நீடிக்க விடவில்லை. அவள் போய்ச் சேர்ந்த மறுவாரமே தெருவில் ஒருவரைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் போகாததே நல்லதாப் போச்சு சார். போயிருந்தா இன்னைக்கு அவளுக்கு வழிகாட்ட யாரு? என் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் ஏதோ ஒன்று கிடைத்ததல்லவா? படிப்போ, வேலையோ, பாட்டோ, ஒரு கடை வைக்கும் வாய்ப்போ. நீங்களும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆளையும் வைத்திருப்பீர்கள். அம்மா, தம்பி, மனைவி, குழந்தை, யாரோ ஒருவர். அந்தப் பெயர் இப்போது உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியும். அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அடுத்த அறையில்தான் இருக்கிறார். உங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறார்.