போர்ட்டர் தளவாயின் கழுத்து

ரேஷன் அரிசி பாதியாக் கொறஞ்ச அறுபத்தாறாம் வருஷம், தாராவிச் சங்கத்துக்காரங்க ஒரு நாடகம் போட்டாங்க. கூலி கிடைக்காத ரயில்வே போர்ட்டர்களோட கண்ணீர்க் கதை. கதாநாயகன் நம்ம தளவாய். மில்லுல மெஷினுக்கு எண்ணெய் விடுற ஆளு. வேஷம் கெடச்ச அன்னைக்கே வீட்டுல அறிவிச்சுட்டார், நாடகம் முடியற வரைக்கும் ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டாராம். கலைஞனோட ஒடம்பு கலைக்கே சொந்தமாம். அதுக்கு முந்தி மட்டும் என்னத்தை அசைச்சார்னு கேக்கப்படாது.

பொண்டாட்டி தங்கத்தாய்க்கு ஏழாம் மாசம். தெருக்கோடிக் குழாயிலேர்ந்து தெனம் எட்டுக் குடம் அவதான் சொமந்தா.

ஒரு நாள் ஒத்திகை பாக்கப் போனா. காலி ட்ரங்குப் பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு, "உழைப்பவன் கழுத்து ஒடிகிறதே"ன்னு தளவாய் முழங்கினார். கழுத்து கொக்கு மாதிரி நிமிந்து நின்னுச்சு.

வீட்டுக்கு வந்ததும் தங்கத்தாய் மெதுவா ஆரம்பிச்சா.

"பக்கத்து வீட்டு பூதத்தான் அண்ணாச்சி தாதர் ஸ்டேஷன்ல போர்ட்டர்லா. அவுக ஆளுவ நாப்பது பேரு நாடகம் பாக்க வாராவளாம். முன்வரிசையில."

"வரட்டும்ட்டி. அழுதுட்டுப் போவானுவ."

"சிரிச்சுட்டுப் போவாவ. நெசமாச் சொமக்கிறவனுக்குக் கழுத்து உள்ள எறங்கும், நடை குறுகும். நீங்க ஊர்கோலம் போற மாப்பிள்ளை கணக்கா நடக்கிய."

தளவாய்க்கு வேர்த்துருச்சு. நாப்பது செவப்புச் சட்டை ஒண்ணா விசிலடிக்கிறது காதுல கேட்டுச்சு. இப்ப என்ன செய்யன்னு அவகிட்டயே கேட்டார். படிக்காதவ, அவளுக்கென்ன தெரியும்? பாரம் தூக்கிப் பழகுனா சரியாவும்னு மட்டும் சொன்னா.

மறுநாள் வெள்ளனே தளவாய் நாடகச் சட்டையோட குழாயடியில நின்னார். தலையில சும்மாடு, அதுமேல குடம். பொம்பளைங்க வரிசை மொத்தமும் முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு. கலை தெரியாத கூட்டம்னு மன்னிச்சுட்டார். மூணு வாரத்துல ரேஷன் கோதுமை, கரி மூட்டை எல்லாம் ஒத்திகையில சேந்துச்சு. தங்கத்தாய் வாசல்ல காலை நீட்டி ஒக்காந்து, நடை இன்னும் குறுகணும்னு திருத்தம் சொன்னா. கழுத்து அருமையா உள்ள போச்சு. வெளிய வரத்தான் மறந்துருச்சு.

நாடகத்தன்னைக்குத் திரை தூக்குனதும் தளவாய் முன்வரிசையில தேடினார். மளிகைக்கடை முதலாளி குடும்பத்தோட முறுக்கு தின்னுக்கிட்டிருந்தார். செவப்புச் சட்டை ஒண்ணுகூட இல்ல.

முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி பொண்டாட்டியைப் பிடிச்சார்.

"எங்கட்டி நாப்பது போர்ட்டரு?"

"மெட்ராஸ் வண்டி வார நேரம்லா. நாடகம் பாக்க வந்தா அவுக வீட்டுல அடுப்பு எரியுமா?"

"அது ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"போர்ட்டரா நடிச்ச ஒங்களுக்கே தெரியல, எனக்கா தெரியும்?" அவர் சட்டைக் காலரைத் தடவிச் சரிபண்ணி விட்டா. "இதைச் சங்கத்துல திருப்பிக் குடுத்துராதிய. பிள்ளை பொறந்தா இன்னும் நாலு குடம் கூடும்."