அங்கிக்குள் ஆசாமி

"கடைசியா எப்ப சார் நீங்க ஒரு பாதிரியாரைப் பாத்தீங்க?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, விமர்சகருக்குத் தன் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. அது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

"போன மாசம்" என்றார்.

ஆசிரியர் ஒரு கடிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார். அத்தனையும் வசவு. 'அங்கிக்குள் ஆசாமி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றி விமர்சகர் எழுதியதன் பலன்.

போலீசுக்குப் பயந்த திருடன் ஒருவன் பாதிரியார் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு தேவாலயத்தில் தங்கிவிடுவதுதான் தொடரின் கதை. ஜெபம் மறந்துபோனால் மூன்று தடவை இருமிவிட்டு, "இனி மௌனமாக ஜெபிப்போம்" என்பான். ஆசீர்வாதம் செய்ய இடது கையைத் தூக்குவான். 'எந்த ஊர்ப் பாதிரியார் இப்படிச் செய்வார்? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?' என்று விமர்சகர் கிழி கிழியென்று கிழித்திருந்தார். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும் தொடர் அது. வாசகர்கள் சும்மா விடுவார்களா?

"நிஜப் பாதிரியார் எப்படி இருப்பார்னு நேர்ல பாத்துட்டு எழுதுங்க. அடுத்த தடவையும் சொதப்பினா உங்க பத்தியைக் குறுக்கெழுத்துக்காரருக்குக் கொடுத்துடுவேன்" என்றார் ஆசிரியர்.

பதினோரு வருஷமாக எழுதும் பத்தி. உலகத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பிருந்த ஒரே இடம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு தெருக்கோடித் தேவாலயத்துக்குப் போய், கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். அங்கிருந்த பாதிரியார் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜெபத்தின் நடுவே அவர் திடீரென்று நின்றார். மூன்று தடவை இருமினார். "இனி மௌனமாக ஜெபிப்போம்" என்றார்.

விமர்சகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் ஆசீர்வாதத்துக்கு உயர்ந்ததும் இடது கைதான்.

"ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"நான் தப்பா எழுதிட்டேன்."

"அது வழக்கம்தானே. தலையைக் குனிங்க."

அந்த வாரம் அவர் அப்படியே பல்டி அடித்தார். 'உண்மையான பாதிரியாரை இம்மி பிசகாமல் காட்டியிருக்கிறார்கள். கை முதல் இருமல்வரை எல்லாம் சரி. என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினார். தொலைக்காட்சிக்காரர்கள் அதை அவருடைய புகைப்படத்தோடு விளம்பரமாகப் போட்டார்கள். இரண்டு நாள் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் பாதிரியார்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரியின் முதல்வரிடமிருந்து கடிதம் வந்தது. 'தொடரில் இதுவரை இருபத்திரண்டு தவறுகள். இடது கையால் ஆசீர்வதிக்கும் பாதிரியாரை நாங்கள் யாரும் கண்டதில்லை. தங்கள் விமர்சகர் கண்டிருந்தால் முகவரி தரவும்.'

"முகவரி இருக்கா?" என்றார் ஆசிரியர்.

"எங்க தெருவுலயே இருக்காரு சார். சத்தியமாப் பாத்தேன்."

"அப்ப, 'நான் இப்படித்தான் செய்றேன்'னு ஒரு வரி எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளைக்குக் காலையில கையெழுத்து வரணும். இல்லேன்னா குறுக்கெழுத்துக்காரர் வருவார்."

சாயங்காலம் ஏழு மணிக்கு விமர்சகர் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினார். சமையல்கார அம்மா திறந்தாள்.

"நான் பத்திரிகையில டி.வி. விமர்சனம் எழுதுறவன்மா. ஃபாதர்கிட்ட ஒரே ஒரு கையெழுத்து வேணும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா அது? நீங்க எழுதினதை வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருக்காரு. வாங்க, உட்காருங்க."

விமர்சகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்தி பிழைத்தது. "கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார்.

"இப்ப முடியாதுங்களே. அந்தத் தொடர் ஓடிக்கிட்டிருக்கு. நோட்டும் பேனாவுமா உட்கார்ந்திருக்காரு."

"ஃபாதருக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்கிறது என்னங்க, மூணு மாசமா ஞாயித்துக்கிழமைப் பூசை பூராவையும் அதைப் பாத்துத்தானே ஓட்டுறாரு, எல்லாம் சரிதான்னு நீங்க எழுதினப்புறம்தான் பாவம், மனுஷன் பயமில்லாமத் தூங்குறாரு."