ஒரே உதையில்

முற்றத்தில் மனைவி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். உதைக்கு உதை இன்ஜின் இருமியது, கிளம்பத்தான் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கடிகாரக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"என்னங்க, சிரிக்கிறீங்களா?"

"நானா? சேச்சே. பல் கூசுது."

நின்றுபோன கடிகாரம் எதுவானாலும் ஓடவைத்துவிடுவார் அவர். ஓடுகிற ஒன்று நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது இந்த ஒரு வண்டிக்காகத்தான். மனைவி வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எறும்புக்கும் வழிவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் சேற்றுப் பந்தயத்தில் மேட்டுக்கு மேடு பறப்பாள். போன பந்தயத்தில் பறந்தவள் விழுந்து, தோளில் கட்டோடு வந்து சேர்ந்தாள்.

"நடுவானத்துல இன்ஜின் நின்னுபோச்சு. தப்பு வண்டி மேல, என் மேல இல்ல" என்றாள்.

தோள் ஆறிவிட்டது. கடிகாரக்காரருக்குத்தான் ஆறவில்லை. இந்த ஞாயிறு மறுபடி பந்தயம். போகாதே என்று கெஞ்சிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருபது உதைக்குப் பிறகாவது அந்த வண்டி கிளம்பித் தொலைக்கிறது. அடியோடு கிளம்பாவிட்டால் எங்கே போவாள்?

நேராக மச்சானின் பட்டறைக்குப் போனார். மனைவியின் அண்ணன், பெரிய மெக்கானிக். ஒவ்வொரு விரலும் ஒரு ஸ்பேனர் கனம்.

"மச்சான், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒரு வண்டி கிளம்பவே கூடாதுன்னா என்ன பண்ணணும்?"

"யாரு வண்டி?"

"பொதுவா."

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பயம்தான் மாப்ள, கூடப் பொறந்தவனாச்சே. ஆனா நான் தொட்டா கண்டுபிடிச்சிடுவா. நீங்கதான் செய்யணும்."

"ஒண்ணு மட்டும். நின்னா வாசல்லயே நிக்கணும். கிளம்பினப்புறம் நடுவழியில நிக்கவே கூடாது. அப்புறம் மறுபடி விழுந்து வைப்பா."

"அதை என்கிட்ட விடுங்க. இன்ஜின் தலைக்குள்ள வால்வு இருக்கு. காத்து உள்ள வர, புகை வெளிய போக, குட்டிக் கதவு மாதிரி. அதுக்கு மேல ஒரு மயிரிழை இடைவெளி. அது இறுக்கமா இருக்கறதாலதான் வண்டி பேருக்காவது ஓடுது. அதுல இருக்கற வில்லையை மெல்லிசா மாத்தித் தளர்த்திட்டா கதை முடிஞ்சுது."

சட்டைப் பொத்தான் அளவில் சில இரும்பு வில்லைகளையும், இடைவெளி பார்க்கும் தகடுகளையும் கொடுத்து, எந்தத் தகடு நுழைய வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை மனைவி வேனை எடுக்கப் போகும்போது, "டேங்க்கைக் கழட்டி வச்சிருக்கேன், டூல்ஸும் அங்கதான் இருக்கு. யாரும் தொடாம பாத்துக்குங்க" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே ஏதாவது விழுந்துவிடப் போகிறதே என்று ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்தார். இன்ஜினுக்குள் இருந்த செயின் கீழே நழுவாமல் கம்பியால் கட்டினார். தகட்டை விட்டுப் பார்த்து, வில்லையை மாற்றி, மறுபடி பார்த்து, மறுபடி மாற்றினார். நாசவேலைக்கு வந்தவர் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் மனைவி வந்து டேங்க்கை மாட்டி உதைத்தாள். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

"அட, தானாவே சரியாயிடுச்சே!" என்றாள். "ஆனா வேகமெடுத்தா மூச்சு வாங்குது. போகட்டும், ஞாயிறு வரைக்கும் தொடப்போறதில்ல." தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டாள்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகி விட்டது. கடிகாரக்காரர் பட்டறைக்கு ஓடினார்.

"மச்சான், நல்லா ஓடுது!"

"ஓடுதா? நெசமாவா?" மச்சான் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடியது. "அடடா, மோசமாச்சே. அப்ப வால்வையே மாத்திட வேண்டியதுதான். இந்தாங்க, இதெல்லாம் வேற வண்டியோடது. பொருந்தாது. போதாததுக்கு இந்தப் பசையைத் தடவி, அது உக்கார்ற இடத்துல வச்சுச் சுத்திச் சுத்தித் தேய்ங்க. தேஞ்சு ஒழுக ஆரம்பிச்சிடும்."

இன்ஜின் தலையையே கழற்றித் தன் கடிகாரக் கடைக்குத் தூக்கிப் போனார். தார்ப்பாய்க்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? பழைய வால்வுகளின் விளிம்பு குழிந்து போயிருந்தது. புதியவற்றைப் பசை தடவித் தேய்த்தார். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் அவருக்கு மனசு கேட்காது. சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழும்வரை தேய்த்தார். பசையின் பொடிகூட மிச்சமில்லாமல் துடைத்துக் கோத்தார். பிறகு எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கப் பெட்ரோலை ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டார். "ஒழுக மாட்டேங்குது! இன்னும் நல்லாத் தேய்க்கட்டுமா?"

"ஐயோ, போதும் போதும்!" மச்சான் அலறினார். "அதுக்கு மேல தொடாதீங்க மாப்ள. அப்படியே மாட்டி, இடைவெளியை மட்டும் முன்னாடி சொன்ன தகடு நுழையற மாதிரி வச்சிடுங்க. இனி தானா ஒழுகிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மனைவி தார்ப்பாயை விலக்கினாள். கடிகாரக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே உதை. பிசிறே இல்லாமல் ஓடியது இன்ஜின். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் பின்னாலேயே போனார்.

முதல் மேட்டில் அவள் பறந்தாள். இன்ஜின் சத்தம் அறுபடுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அறுபடவில்லை. வண்டி பூப்போல இறங்கி அடுத்த மேட்டுக்குப் பாய்ந்தது. இத்தனை வருஷமாகப் பந்தயத்துக்கு வந்தும், கண்ணை மூடிக்கொண்டே இருந்த மனிதர் அவர். இன்றைக்குத்தான் பார்த்தார். வளைவில் அவள் நீட்டிய கால் மண்ணை உரச, பயம் என்ற சொல்லையே அறியாதவள் மாதிரி திரும்பினாள். என்ன அழகு! இவளையா வீட்டில் உட்காரவைக்கப் பார்த்தோம்? கடைசிச் சுற்றில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று, "விடாத! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள்தான் முதலில் வந்தாள். சேறு அப்பிய முகத்தோடு இவரைப் பார்த்துக் கையாட்டினாள். இவரும் ஆட்டினார்; கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஆட்டினார். அப்புறம் ஞாபகம் வந்து, பக்கத்தில் நின்ற மச்சானைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மெக்கானிக் நீங்க? உங்க யோசனை ஒண்ணாவது பலிச்சுதா?"

மச்சான் அந்தத் தடித்த விரல்களைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என் யோசனை எங்க மாப்ள இருக்கு? 'வால்வு தேஞ்சுபோச்சுண்ணா, அந்த நுணுக்கத்துக்கு உன் விரல் ஆகாது, அவர் கைதான் வேணும்; சரிபண்ணச் சொன்னா தொடமாட்டாரு, எப்படிக் கெடுக்கறதுன்னு உன்கிட்டதான் வந்து கேப்பாரு, கெடுக்கறதுன்னு சொல்லியே சரிபண்ற வேலையைச் சொல்லிக்குடு, தலைகீழா நின்னாலும் அந்த மனுஷனுக்கு ஒண்ணைக் கெடுக்கத் தெரியாது'ன்னு தங்கச்சி போன வாரமே வந்து சொல்லிட்டுப் போயிட்டா."