மாமியார் யார் பங்கு

உலகத்துக்கு நியாயம் என்ற ஒன்றை முறையாக வழங்கியது எங்கள் அதியமான்கோட்டை குடும்ப சமரசக் குழுதான். கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்கும் விவாகரத்தை நாங்கள் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவோம். குழுவில் மூவர். மூவரும் ஆண்கள். ஆனாலும் பெண்கள் தரப்பு எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூவருக்கும் மனைவி உண்டு. செயலாளர் அடியேன்.

எண்பத்தைந்தாம் வருஷம், தொப்பூர் ரோட்டில் சாப்பாட்டுக் கடை நடத்திய அர்ச்சுனனும் அவன் மனைவி மாதம்மாளும் பிரிவது என்று எங்களிடம் வந்தார்கள். அவள் விடியுமுன் எழுந்து லாரிக்காரர்களுக்குச் சமைப்பாள். அவன் கல்லாவில் உட்காருவான். அவள் சங்கிலியைக் கேட்காமல் விற்று அவன் மொபெட் வாங்கியதுதான் கடைசிச் சண்டை. எங்கள் தலைவர் கருப்பண்ணன் அந்தக் கடையில் தினமும் காசு கொடுக்காமல் சாப்பிடுகிறவர். இரண்டு பேர் உப்பையும் தின்ற அவரைவிட ‘நடுநிலையாளர்’ கிடைப்பது அரிது.

“உழைச்சவங்களுக்குத்தான் பொருளு,” என்று தலைவர் கொள்கையை அறிவித்தார்.

“அப்ப கடை எனக்குங்களா? அடுப்புல வேகுறது நாந்தானுங்க,” என்றாள் மாதம்மாள்.

குழு கொல்லைப்புறம் போய் ஆலோசித்தது. கொள்கை திருத்தப்பட்டது: அசையாச் சொத்து கணவனுக்கு, அசையும் சொத்து மனைவிக்கு. ஆகவே வீடும் கடையும் அர்ச்சுனனுக்கு.

“மாடு அசையுங்களே,” என்றாள் அவள். அவள் பேரில் பேங்கு லோன் எடுத்து வாங்கிய கறவை மாடு.

“கட்டிப்போட்டா அசையாதும்மா,” என்றார் தலைவர்.

“மொபெட்டு?”

“ஸ்டாண்டு போட்டா அதுவும் அசையாது.”

மாட்டு லோன் மட்டும் அசையும் சொத்து என்று ஏகமனதாகத் தீர்மானித்து அவளிடம் ஒப்படைத்தோம்.

“லோனுக்கு மட்டும் காலு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று குறித்துக்கொண்டேன்.

அப்போது, அதுவரை மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அர்ச்சுனனின் அம்மா செல்லம்மாள் வாயைத் திறந்தாள்.

“நா மருமவ கூடப் போறேன். இவனுக்குச் சுடுதண்ணி வைக்கக் கூடத் தெரியாது.”

அர்ச்சுனன் முகம் மலர்ந்தது. “தாராளமாப் போவட்டுங்க. மருந்துச் செலவையும் அவளே பாத்துக்கட்டும்.”

செல்லம்மாள் நடமாடுகிறவள் என்பதால், அவளை அசையும் சொத்தாகப் பதிவு செய்து மாதம்மாளின் பங்கில் சேர்த்தோம். கணவனும் மனைவியும் கைநாட்டு வைத்தார்கள். தலைவர் டீ சொன்னார்.

“அப்ப எப்படா வூட்டைக் காலி பண்ணுவ?” என்று மகனைக் கேட்டாள் செல்லம்மாள். “வூடு, கடை ரெண்டும் எம்பேர்லதான் இருக்குது. உன் லட்சணம் தெரிஞ்சுதான் உங்கப்பன் அப்படி எழுதி வெச்சிட்டுப் போனாரு.”

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அம்மா போனாலும் வூடு எங்க போயிரப் போவுதுன்னு இருந்துட்டனுங்க,” என்று முனகினான் அர்ச்சுனன்.

தலைவர் எழுந்தார். குரல் தழுதழுத்தது. “தாயைப் போயி பங்கு போடலாங்களா? தாய்ங்கறவ அசையாச் சொத்து. அவ மகனுக்குத்தான்.”

“நா அசையலையா?” என்றாள் செல்லம்மாள். எழுந்தாள், புடவையை உதறினாள், வாசல் வரை நடந்தாள். “ஏ மாதம்மா, வா போலாம். மாவு ஆட்டோணும்.”

மாதம்மாள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு ஏனோ எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் கடையைத் திறக்கப் போய்விட்டார்கள். கட்டுவதற்கு இடமில்லாத மாட்டை அர்ச்சுனன் மறுநாளே மாதம்மாளிடம் விட்டுவிட்டு, மொபெட்டில் அக்கா வீட்டுக்குப் போனான்.

எங்கள் குழு இதிலிருந்து பாடம் கற்றது. உடனே ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தோம்: இனி எந்த வழக்கிலும் வீடு யார் பேரில் இருக்கிறது என்று முதலில் விசாரிப்பது, எது நியாயம் என்பதைப் பிறகு முடிவு செய்வது.